கழித்தது போக மிச்சம்

— தண்ணிக் கேனை அப்புறம் எறக்கி வைக்கலாம். முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. பூஜ்யமா? கீழ்த் தெரு முழுக்க ஒரு புள்ளை ரத்தத்துல கூடவா ஒண்ணும் இல்ல?

— கை வலிக்குது. வாசல விட்டுத் தள்ளி நில்லு.

— வலிக்கட்டும். அந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடறப்ப வலிக்கலல்ல?

— ஆலை மேல போட்ட கேஸ் முடியற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள ரத்தம்னு ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதான்.

— நான் போட்ட சட்டம், நானே கிழிச்சுப் போட்டுட்டேன். போதுமா? இன்னிக்கு விசாரணைக் கமிட்டி ஆபீஸ்ல ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வெச்சாங்க. ஒண்ணு அரசாங்க லேப், கீழ பொண்டாட்டி கையெழுத்து. இன்னொண்ணு ஆலை லேப், கீழ புருஷன் கையெழுத்து. அதே தெரு, அதே புள்ளைங்க. என் கணக்குல விஷம், உன் கணக்குல பூஜ்யம். "ஏன் மேடம், வீட்லயே பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கலாமே"ன்னு அந்தத் தலைவர் கேக்கறாரு. ரூம் முழுக்கச் சிரிப்பு. நானும் பல்லக் காட்டிட்டு வந்தேன். நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

— அதப் பத்தித்தான் நானும் பேசணும்னு...

— நான் இன்னும் முடிக்கல.

— சரி, முடி. ஆனா ஒண்ணு, அந்தக் குழாயத் தொறக்காத. தண்ணி வேணும்னா கேன்லேருந்து எடுத்துக்கோ.

— குழாய் என்ன பாவம் பண்ணுச்சு? பேச்ச மாத்தாத.

— மாத்தல. அடுப்புல என்ன கொதிக்குது?

— தண்ணி. டீக்கு. ஏய், எதுக்குக் கீழ ஊத்தற? பைத்தியமா உனக்கு? கொதிச்ச தண்ணியக் கொண்டு போய்த் தொட்டில ஊத்தறான்!

— வேற வைக்கறேன். நீ பேசு. நீ பேசி முடிக்காம எனக்கு வாய்ப்புக் கெடைக்காதுன்னு தெரியும்.

— ஆமா, கெடைக்காது. உனக்கு ஞாபகம் இருக்கா, நான் எங்கேருந்து ஆரம்பிச்சேன்னு? ஆஸ்பத்திரி அடித்தளம். பக்கத்து ரூம் பிணவறை. கொழந்தை இல்லைன்னு அழுதுக்கிட்டு வர்ற பொம்பளைங்க ரத்தத்துல ஹார்மோன் அளந்து சீட்டு எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். இவங்க எல்லாரும் ஒரே ஆத்தோரத்துலேருந்தே வர்றாங்களேன்னு நான்தான் கேட்டேன். வேற ஒருத்தருக்கும் அது தோணல.

— தெரியும்.

— அந்த ஆத்துல மீனப் புடிச்சு அறுத்தேன். ஆம்பளை மீன் வயித்துக்குள்ள முட்டை. அன்னிலேருந்து எனக்கு மீன்காரின்னு பேரு. நான் மீட்டிங் ரூமுக்குள்ள நுழைஞ்சா பெரிய பெரிய புரொபசரெல்லாம் மூக்கப் பொத்திக்குவாங்க, தமாஷாம். என் மெஷினை மாடிப்படிக்கு அடியில தள்ளினாங்க. ப்ராஜெக்ட்டை ஒரு தடவை மூடினாங்க, நான் தொறந்தேன். மறுபடி மூடினாங்க, மறுபடி தொறந்தேன்.

— எல்லாத்துக்கும் நான் கூடத்தானே இருந்தேன்? அந்த மீன் டப்பாவையெல்லாம் தூக்கிச் சுமந்தது யாரு? பஸ்ல ஒரு ஆள் என் பக்கத்துல உக்கார மாட்டான்.

— அதான் எரியுது எனக்கு! வேற எவனாவது பூஜ்யம்னு எழுதியிருந்தா, போடா தெரியாதவனேன்னு விட்டிருப்பேன். உனக்குத் தெரியும். உங்க ஆலையில பிளாஸ்டிக் வளையறதுக்கு ஊத்தற சரக்கு ஒடம்புக்குள்ள போனா பெண் ஹார்மோன் மாதிரியே வேஷம் கட்டும்னு உனக்குத் தெரியும். சின்னப் பொண்ணு ஒடம்பு அதப் பாத்து ஏமாந்துபோய், நமக்கு நேரம் வந்துடுச்சுன்னு நெனச்சுக்கும்னு தெரியும். கீழ்த் தெருவுல ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு வயசுக்கு வந்து நிக்குது. விழுந்த பல்லு இன்னும் மொளைக்கல, அதுக்குள்ள! அவங்கம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு "இவளுக்கு நான் எப்படிம்மா இத வெளக்கிச் சொல்றது"ன்னு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்? என் புருஷன் அளந்து பாத்துட்டாரு, உன் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லட்டுமா?

— மெதுவாப் பேசு. உள்ள புள்ளை இருக்கா, சில்வண்டு காதுல விழும்.

— விழட்டும். அவங்கப்பன் லட்சணம் அவளுக்கும் தெரியட்டும்.

— அம்மா! புது யூனிஃபார்ம் இறுக்கிப் புடிக்குது! பட்டன் போடவே முடியல!

— போன மாசம்தானேடி தச்சது? மூச்ச உள்ள இழுத்துக்கிட்டுப் போடு!

— இழுத்துட்டேன். வலிக்குது.

— எல்லாம் உங்கப்பன் தெனம் தெனம் பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போற வேலை. கழட்டி வை, தையல்காரர்கிட்ட குடுத்துப் பிரிச்சு விடச் சொல்றேன்.

— போட வேண்டாம்டா கண்ணு. பழைய சட்டைய எடுத்துப் போட்டுக்கோ. தொளதொளன்னு இருக்குமே, அது.

— அம்மா, நான்தான் ஊர்லயே ஃபர்ஸ்ட், தெரியுமா உனக்கு?

— எதுல?

— சொல்ல மாட்டேன். அப்பாவும் நானும் சீக்ரெட்.

— சரி, சரி, ரெண்டு பேரும் வெச்சுக்குங்க. போய் சட்டைய மாத்து.

— தண்ணி குடிச்சுட்டுப் போறேன்.

— குழாய்ல புடிக்காத! டம்ளரக் கீழ வை! வைன்னு சொல்றேன்ல!... அழாதடா. அழாத. இந்தா, இதக் குடி. இனிமே இந்தக் கேன்லேருந்துதான், சரியா? குடிச்சுட்டுப் போய்ப் படம் வரை. அப்பா வர்றேன்.

— எதுக்குப் புள்ளைய இப்படி வெரட்டற? என் மேல இருக்கற கோவத்த அவ மேல காட்டாத. தப்பு பண்ணினவன் நீ, அவ இல்ல.

— ஆமா.

— என்ன ஆமா?

— அவள எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பாக்கறேன். நாளைக்கே. கொஞ்ச நாள் அங்க இருக்கட்டும்.

— ஓ, அப்படி வா வழிக்கு. நாளைக்கு விசாரணையில நான் உன் மானத்த வாங்கறது புள்ளை காதுல விழக்கூடாது. அதானே? ஸ்கூல் நடக்கறப்ப அவ எங்கயும் போக மாட்டா. உங்க அக்காவே வந்து கேட்டாலும் அனுப்ப மாட்டேன்.

— நீ அவளக் கடைசியா எப்ப குளிக்க வெச்ச?

— என்ன கேட்ட?

— கேள்விதான் கேட்டேன்.

— இது கேள்வி இல்லய்யா, குத்தல்! ஆம்பளை நேரங்கழிச்சு வீட்டுக்கு வந்தா உழைச்சுக் களைச்சு வர்றான். பொம்பளை வந்தா புள்ளையப் பாக்காதவ. வெயில்ல கீழ்த் தெருவுல வீடு வீடா ஏறி எறங்கினேன். புள்ளைங்கள மடியில போட்டு சமாதானப்படுத்தி ரத்தம் எடுத்தேன். அதுங்களப் பாக்க வேற யாரு இருக்கா? என் புள்ளைக்கு என்ன கொறை? ஓட்டு வீடா, சாக்கடை ஓரமா? மேட்டுல நல்ல குவார்ட்டர்ஸ், நல்ல ஸ்கூல், மேட்டுத் தொட்டில ஆலைக்கு மேலேருந்து எடுக்கற நல்ல ஆத்துத் தண்ணி...

— அந்த மேட்டுத் தொட்டி இருக்கு பாரு...

— தொட்டிய விடு! வந்ததுலேருந்து குழாய், தொட்டி, கேனு. நான் என்ன பிளம்பர்கிட்டயா பேசிட்டிருக்கேன்? எனக்கு அந்தப் பூஜ்யத்துக்குப் பதில் வேணும். என்ன குடுத்தாங்க உனக்கு?

— ஒரு பைசா வாங்கல.

— அது அதைவிடக் கேவலம். சும்மாவே வித்திருக்க.

— பாரு, நான் இந்த ஆலைல சேர்ந்தது எதுக்குன்னு உனக்குத் தெரியும். ரெண்டாவது தடவை உன் ப்ராஜெக்ட்டை மூடினப்ப சில்வண்டு உன் வயித்துல. வாடகைக்கு வழி இல்ல. நீ படிச்ச படிப்ப விட மாட்டேன்னு நின்ன. நான் விட்டேன். அத நான் சொல்லிக் காட்டினதே இல்ல.

— இப்ப காட்டறியே.

— ஆமா, இப்ப காட்டறேன். ஏன்னா நீ என்னத் திருடன்னு சொல்ற. அந்த லேப்ல வேலைக்குச் சேர்ந்தேன், ஆனா ஒரு நாள் கூட ஒரு நம்பரத் திருத்தினது இல்ல. நம்ம ரெண்டு பேரும் அந்த மாடிப்படிக்கு அடியில உக்காந்து உருவாக்கின முறைதான். அணு பெசகாமப் பண்ணினேன். சுத்தமான ரத்தம் ஒண்ண பிளாங்க்கா வெச்சு முதல்ல மெஷின்ல ஓட்டினேன். அதுல என்ன வருதோ அது மெஷினோட அழுக்கு, டியூபோட அழுக்கு. அத ஒவ்வொரு புள்ளை ரீடிங்லேருந்தும் கழிச்சேன். மிச்சம் ஒண்ணும் நிக்கல.

— எதக் கழிச்ச? மலையிலேருந்து மலையக் கழிச்சா மிச்சம் எங்கேருந்து நிக்கும்?

— அதான். அதைத்தான் நானும் இன்னிக்கு என்னையே கேட்டுக்கிட்டேன்.

— என்னது?

— பிளாங்க் உயரமா இருந்துச்சு.

— உன் பிளாங்க்கா? நீ சுத்தம்னு வெச்ச ரத்தமா?

— ம்.

— எவ்வளவு உயரம்?

— கீழ்த் தெருப் புள்ளைங்களுக்குச் சமமா.

— இன்னொரு தடவை சொல்லு.

— காதுல விழுந்துச்சுல்ல.

— விழுந்துச்சு. கேக்க நல்லா இருக்கு, அதான் மறுபடி கேக்கறேன்! அப்போ உன் பூஜ்யம் பூஜ்யமே இல்ல! அத்தனை புள்ளைங்ககிட்டயும் இருக்கு, நீ கழிச்சதுல காணாமப் போயிருக்கு! ஏய்யா, பிளாங்க் அவ்வளவு எகிறினா எந்த மடையனும் மெஷினை நிறுத்துவானே? எப்படிக் கண்ண மூடிக்கிட்டுக் கழிச்ச?

— டியூப்னு நெனச்சேன்.

— டியூபா?

— மறந்துட்டியா? ஒரு வருஷம் பூரா உழைச்சோம். கடைசியில பாத்தா, மீன்ல இருந்ததா நம்ம எழுதினதுல பாதி நம்ம பிளாஸ்டிக் டியூப்லேருந்து கசிஞ்சது. நீ லேப் தரையில காலை நீட்டி உக்காந்து அழுத. அன்னிலேருந்து நமக்கு அது வேதவாக்கு: பிளாங்க் எகிறினா முதல்ல டியூபத் திட்டு. நானும் திட்டினேன். திட்டிட்டுக் கழிச்சேன்.

— அன்னிலேருந்து நான் கண்ணாடிய விட்டு வேற எதையும் தொடல. இவ்வளவு பெரிய ஆலை, ஒரு பெட்டி கண்ணாடி டியூப் வாங்கிக் குடுக்க வக்கு இல்லையா?

— கேட்டேன். பிளாஸ்டிக் பண்ற எடத்துல வந்து கண்ணாடி கேக்கறியான்னு மேனேஜர் சிரிச்சாரு. ரிப்போர்ட் குடுத்ததுலேருந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இன்னிக்குக் காலைல ஆஸ்பத்திரில கேட்டு வாங்கிட்டு வந்து, மீதி இருந்த அதே ரத்தத்தக் கண்ணாடில போட்டு ஓட்டினேன். கழுவிட்டு மறுபடி ஓட்டினேன். கொஞ்சங்கூட எறங்கல.

— அப்போ டியூப் இல்ல.

— இல்ல. ரத்தத்துலயேதான் இருக்கு.

— யார் ரத்தம் அது? ஆலைக்குள்ள வேலை பாக்கறவன் ரத்தத்தையா சுத்தம்னு வெச்ச?

— நான் என்ன கத்துக்குட்டியா? என் ரத்தத்தக் கூட வெக்கல. நீ உன் படிப்பு முழுக்க என் கையிலேருந்துதான் பிளாங்க் எடுத்த. "வேற எவன் ரத்தத்தையும் நான் நம்ப மாட்டேன்"னு சொன்ன. கல்யாணத்துக்குக் கேக்கறேன்னு நெனச்சுக்கிட்டு நான் அன்னிக்கு முழுக்க சிரிச்சுக்கிட்டே இருந்தேன்.

— அந்தப் பழங்கதையெல்லாம் இப்ப வேண்டாம். எனக்கு நீ இன்னும் எதிரிதான். யாருன்னு சொல்லு.

— ஒரு சின்னப் பொண்ணு. ஆலைப் பக்கமே எட்டிப் பாக்காதவ. கீழ்த் தெருப் புள்ளைங்க வயசுதான். அந்த வயசுப் பொண்ணு ரத்தத்துல அந்த ஹார்மோன் வேலை தெரியவே கூடாது, உனக்கே தெரியும். இதவிடச் சுத்தம் எங்க தேடினாலும் கெடைக்காதுன்னு நெனச்சேன்.

— கணக்கு சரிதான். நானா இருந்தாலும் அப்படித்தான் தேடியிருப்பேன். எந்தப் பக்கத்துப் பொண்ணு?

— மேட்டுப் பக்கம். குவார்ட்டர்ஸ்.

— நம்ம குவார்ட்டர்ஸா? ஆபீசர் வீட்டுப் புள்ளையா? ஐயோ, இது போதுமே எனக்கு! இத்தனை வருஷமா கத்தறேன், கீழ்த் தெருன்னா எவனும் பேப்பர்லேருந்து தலையத் தூக்கல. இப்ப ஆபீசர் வீட்டுக் கூடத்துக்குள்ளயே வந்து உக்காந்துடுச்சு, இனிமே துள்ளிக்கிட்டு எந்திரிப்பான்! யாரு, மேனேஜர் பொண்ணுதானே? நாளைக்கு அந்தாளு மூஞ்சி போற போக்கைப் பாக்கணும் நான். முன் வரிசையில உக்காந்து பாக்கணும்!

— மேனேஜர் பொண்ணு ஹாஸ்டல்ல இருக்கு.

— அப்ப அக்கவுன்டன்ட் பொண்ணு. எவளா இருந்தா என்ன, அப்பன் ஆலை ஆளுதானே? எப்படி ரத்தம் எடுக்க விட்டாங்க?

— அவங்கப்பன்தான் விட்டான். மடியில உக்கார வெச்சுக் கையப் புடிச்சுக்கிட்டான். ஊர்லயே உன் ரத்தம்தான் சுத்தம்னு சொல்லி ஏமாத்தினான். அவளுக்கு ஒரே பெருமை. அழக்கூட இல்ல.

— நல்ல அப்பன்! கம்பெனி வேலைக்குப் பெத்த புள்ளை கையில ஊசி ஏத்தியிருக்கான். அந்தச் சரக்கத் துணியிலயும் செருப்புலயும் ஒட்டிக்கிட்டு வந்து வீட்டுக்குள்ள எறக்கினவனும் அவனாத்தான் இருப்பான், பாவி. அவனெல்லாம் ஒரு மனுஷனா?

— எனக்கும் அதேதான் தோணுது.

— அந்தம்மா? அவ என்ன பண்ணிட்டிருந்தா? பெத்த புள்ளை ஒடம்புல ஒண்ணு மாறினா அம்மாவுக்குத் தெரியாதா? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?

— அவளத் திட்டாத. அவளுக்கு வேலை ஜாஸ்தி. நல்ல வேலைதான் பாக்கறா.

— என்ன பெரிய வேலை? புள்ளையவிடவா? சரி, அந்தப் புள்ளைக்கு ஏதாவது தெரியுதா ஒடம்புல?

— ஆரம்பிச்சிருக்கு. எனக்கே இப்ப சமீபமாத்தான் பட்டுச்சு. அப்பவும், வளர்ற பொண்ணுன்னு விட்டுட்டேன். இன்னிக்கு அந்த ரீடிங்கப் பாத்ததும்தான் ஒண்ணோட ஒண்ணச் சேர்த்துப் பாத்தேன். டாக்டர்கிட்ட பேசினேன். உடனே கொண்டு வந்தா நிறுத்தி வைக்க மருந்து இருக்குங்கறாரு.

— அப்போ நாளைக்கு விசாரணையில நீ எந்திரிச்சு நிக்கற. என் பூஜ்யம் தப்புன்னு உன் வாயால சொல்ற. நான் கேட்டு இல்ல, நீயா.

— சொல்லுவேன். இந்த வீடு போகும், வேலை போகும். சொல்லுவேன்.

— போகட்டும். மாடிப்படிக்கு அடியில எடம் இருக்கு, வந்து டப்பா தூக்கு. என்ன முழிக்கற? நெஜமாத்தான் சொல்றேன். உன் மேல கோவம் தீரல, தீரவும் தீராது. ஆனா இத நீ மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அதையும் நான் யோசிச்சுப் பாக்கறேன்.

— நீ இன்னும் முழுசா யோசிக்கல.

— யோசிக்க என்ன இருக்கு? விசாரணை, என் மீனு, உன் ஆலை, நம்ம சண்டை, எல்லாம் ஒரு ஓரமா கெடக்கட்டும். முதல்ல அந்தப் புள்ளை. இங்க என்கிட்ட நின்னு கதை பேசிட்டிருக்கியே, அந்தம்மா இப்ப எந்தத் தண்ணில, எந்தத் தட்டுல புள்ளைக்குச் சோறு போடறாளோ! அவளுக்கு உடனே தெரிஞ்சாகணும். அவகிட்ட சொன்னியா, இல்லையா?

— கேனைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னதுலேருந்து அவகிட்டதான் சொல்லப் பாக்கறேன்.